மாப்பிள்ளை கொண்டுவந்த போல்ட்டுகள்

வாப்பாவும் மச்சானும் ஒருவரோடொருவர் கதைப்பதற்கு நான் தேவைப்பட்ட காலம் அது.

மச்சான் என்று நான் சொல்வது என் மூத்த சகோதரி ராத்தாவின் மாப்பிள்ளையை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் எங்கும் போக மாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் பெண்ணின் பேருக்கு மாறிவிடும். தான் கட்டிய வீட்டில் சத்தமாக இருமுவதற்குக்கூட வாப்பா அன்றிலிருந்து யோசித்தார். மாமனாரும் புது மாப்பிள்ளையும் முகத்துக்கு முகம் பார்த்துக் கதைப்பது மரியாதை இல்லை என்ற எண்ணம் அப்போது பல வீடுகளில் இருந்தது. கொஞ்ச நாள் போனால் அது தானாகவே தளர்ந்துவிடும். எங்கள் வீட்டில் தளரவில்லை. இரண்டு பேருமே கூச்சக்காரர்கள். ஸலாம் சொல்வதோடு அவர்களுடைய நேர்ப் பேச்சு முடிந்துவிடும். மிச்சமெல்லாம் என் வழியாகத்தான்.

"மனே, மச்சானுக்கிட்டக் கேளு, இன்னம் கொஞ்சம் சோறு போடவாண்டு" என்பார் வாப்பா. மச்சான் அதே பாயில், கை எட்டும் தூரத்தில் இருப்பார். நான் அவர் பக்கம் திரும்பி, "மச்சான், இன்னம் கொஞ்சம் சோறு போடவாம்" என்பேன்.

"மாமாக்கிட்டச் சொல்லு, வயிறு நிறைஞ்சிட்டு."

"வாப்பா, வயிறு நிறைஞ்சிட்டாம்."

திரைக்குப் பின்னால் ராத்தா சிரிப்பை அடக்கமுடியாமல் மூக்கால் சத்தம் விடுவாள். "இவன் காய்ச்சல்ல படுத்தானெண்டா இந்த வீட்டுல ரெண்டு ஆம்புளையும் பட்டினிதான்" என்று உம்மா குசினியிலிருந்து சொல்வாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டைக்கூட முழுதாக மனனம் செய்ய முடியாதவன் நான். ஆனால் இந்த வேலையில் ஒரு சொல் சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

வாப்பாவிடம் ஒரு ஹயர் கார் இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்து, யார் யாரோ ஓட்டிக் களைத்து, கடைசியில் வாப்பாவின் கைக்கு வந்த கறுப்புக் கார். கல்முனைச் சந்தியில் அதை நிறுத்திவைத்துக்கொண்டு ஆள் பார்த்து நிற்பார். வீடு ராத்தாவுக்குப் போய்விட்டது. இருந்த வயல் துண்டும் சீதனத்தோடு போய்விட்டது. வாப்பாவுடையது என்று சொல்ல அந்தக் கார் ஒன்றுதான் மிச்சம். நாங்கள் எல்லோரும் அதன் உழைப்பில்தான் சாப்பிட்டோம்.

அந்தக் காரைக் கெடுத்ததும் கலியாணம்தான். சாய்ந்தமருதிலிருந்து மாப்பிள்ளையை அழைத்து வரும்போது அதில்தான் இருத்திக்கொண்டு வந்தார்கள். மாமனாரே மாப்பிள்ளைக்கு டிரைவராக இருக்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னதால், வாப்பா சாவியை வேறொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டார். முன்னால் றபான் அடிப்பவர்கள், சீனடி சிலம்பம் ஆடுகிறவர்கள். சந்திக்குச் சந்தி ஊர்வலம் நிற்கும். ஆட்டம் முடிந்தால் நாலடி நகரும். டிரைவர் கிளச்சில் கால் வைத்தபடியே இருக்க, கார் நடை வேகத்தில் ஊர்ந்து வந்தது. வாசலில் வந்து நின்றபோது அதன் அடியிலிருந்து கருகல் வாடை எழுந்தது. எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாப்பா மட்டும் குனிந்து காரின் அடியைப் பார்த்தார்.

பிறகு சில கிழமைகள் ஓடி, ஒரு நாள் சந்தியிலேயே நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து வீட்டு வளவுக்குள் விட்டார்கள். வாப்பா தானே அடியில் படுத்து எல்லாவற்றையும் கழற்றினார். எஞ்சினின் பின்னால் ஒரு கனத்த சக்கரம் சுற்றும். அந்தச் சக்கரத்தோடு கிளச்சை ஆறு போல்ட்டுகள்தான் பிடித்து வைத்திருக்கும். எஞ்சினின் முழு இழுவையும் அந்த ஆறின் கழுத்தில்தான். இரண்டு உடைந்திருந்தன. மற்ற நான்கும் கறள் பிடித்து இறுகி, கழற்றும்போதே தலை சிதைந்து போயின. எங்கள் ஊரில் கடல் காற்று எந்த இரும்பையும் நெடுநாள் வைத்திருக்காது.

தேய்ந்துபோன கிளச்சுத் தட்டுக்கு மட்டக்களப்பில் புதுப் பட்டை அடித்துத் தந்துவிட்டார்கள். போல்ட்டுதான் கிடைக்கவில்லை. கல்முனை இரும்புக் கடையில் அதே தடிப்பில், அதே மரையில் பெட்டி பெட்டியாக இருந்தது. அதை வாங்கினால் என்ன என்று நான் கேட்டேன்.

"பாக்க ஒரே மாதிரித்தான் மனே இரிக்கும்" என்றார் வாப்பா. "அது கதவுக்கும் கட்டிலுக்கும் சரி. இதுக்குப் போடுறது வேற உருக்கு. இழுத்தாலும் நீளாது, வெட்டினாலும் வெட்டுப்படாது. தலையில அடையாளம் குத்தியிரிக்கும்."

அது கொழும்பிலிருந்துதான் வர வேண்டும் என்று மட்டக்களப்புக் கடைக்காரர் சொல்லியிருந்தார். வாப்பா ஒவ்வொரு நாளும் பகல் பஸ் வரும் நேரம் சந்திக்குப் போய் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

புது மாப்பிள்ளை இருக்கிற வீட்டில் கறியின் தரம் இறங்கக் கூடாது. ஆனால் இறங்கியது. பாரை மீன் போய், மலிவான சின்னச் சூடை மீன் வந்தது. மச்சானுடைய தட்டுக்கு மட்டும் கோழி வந்தது. வளவில் கோழிகள் குறைந்துகொண்டு போவதை நான் பார்த்தேன். மச்சானும் பார்த்திருக்க வேண்டும். ஒரு நாள் சாப்பாட்டில் என் பக்கம் திரும்பி, "மாமாக்கிட்டச் சொல்லு, எனக்குக் கோழி இறைச்சி ஒத்துக்கொள்ளுதில்ல, உடம்பெல்லாம் கடிக்கிது" என்றார். நான் சொன்னேன். வாப்பா தலையை நிமிர்த்தவில்லை. மச்சான் சூடை மீனை முள்ளோடு மென்று சாப்பிட்டார். அவர் எங்கும் சொறிந்ததை நான் கண்டதில்லை.

மச்சான் கடல்காரர். அவருடைய வாப்பாவுக்குச் சாய்ந்தமருதில் தோணிகளும் கரைவலையும் இருந்தன. ஆனால் அது வாடைக்காற்றுக் காலம். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. தோணிகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். உழைப்பில்லாமல் பெண் வீட்டில் இருந்து சாப்பிடுவது மச்சானுக்குக் கூச்சமாக இருந்தது. பழுதாகிக் கிடக்கும் காரைச் சுற்றிச் சுற்றி வருவார். வாப்பா அடியில் படுத்திருந்தால் எட்டிப் பார்ப்பார். வாப்பா வெளியே வந்தால் விலகிப் போய்விடுவார்.

ஒரு காலை அவர் சாய்ந்தமருதுக்குப் போனார். பகல் சாப்பாட்டுக்கு முன்னே ஒரு பழைய தகரப் பேணியோடு திரும்பி வந்து, அதை என் கையில் தந்தார். பேணி நிறையத் தேங்காய் எண்ணெய். எண்ணெய்க்குள் ஆறு போல்ட்டுகள். பொன்னைப் போல் மஞ்சளாக மின்னின. பித்தளை என்றும் சொல்ல முடியாது, செம்பு என்றும் சொல்ல முடியாது.

"மாமாக்கிட்டக் குடு. எங்கட வாப்பா தந்தது. அந்தக் காலத்துல கடலுக்குள்ள உடைஞ்ச கப்பல்ல இருந்து கழட்டினதாம். புதுத் தோணிக்கெண்டு வெச்சிருந்தவர். எத்தின வருசம் உப்புத் தண்ணிக்குள்ள கிடந்தாலும் ஒரு பொட்டுக் கறள் வராதெண்டு சொல்லு. மரையும் சரி வருது, நான் உடைஞ்சதைக் கொண்டுபோய்ப் போட்டுப் பாத்தன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாப்பா பக்கத்திலேயே நின்றபடி இரண்டாம் முறையும் கேட்டுக்கொண்டார். ஒரு போல்ட்டை எடுத்து எண்ணெயைத் துடைத்தார். மச்சான் ராத்தாவைக் கூப்பிட உள்ளே போன நேரம், மடியிலிருந்த சின்னக் கத்தியால் அதன் கழுத்தில் ஒரு கீறுக் கீறினார். கத்தி வழுக்கவில்லை. வெண்ணெயில் நகம் பட்டதுபோல் கோடு விழுந்தது. வாப்பா பெருவிரலால் அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

மச்சான் வெளியே வந்ததும், "மச்சானுக்குச் சொல்லு மனே" என்றார் வாப்பா. "அருமையான சாமான். என்னத்துக்கு இவ்வளவு கஷ்டப்பட்டீங்கெண்டு கேளு."

மச்சானின் முகம் மலர்ந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கலியாணத்து மாலையோடு காரில் இருந்தபோதுகூட அவர் அப்படி இருக்கவில்லை.

குசினியில் வாப்பா உம்மாவிடம் மெதுவாகக் கதைத்தார். நான் தண்ணீர் குடிக்கப் போனவன், அங்கேயே நின்றேன்.

"இது மெது புள்ள. தோணிக்கு இது தங்கம். தோணிப் பலகை ஆணியை இழுக்கிறதில்ல. இது எஞ்சினுக்கு ஈடு குடுக்காது."

"அதுக்கு என்ன செய்யப் போறீங்க?"

"மாப்பிள்ளைக்கிட்ட ஆரையும் விட்டுச் சொல்லிப் பாப்பமா?"

"அல்லாஹ்வே, வேணாம்! மாப்பிள்ளை வீட்டால வந்த முதல் சாமான். அவங்கட வாப்பா தோணிக்கெண்டு வெச்சிருந்ததை எடுத்துக் குடுத்திரிக்கார். திருப்பிக் குடுத்தா மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பின மாதிரி. மகள்ட முகத்தைப் பாருங்க. பூட்டுங்க. கொழும்புச் சாமான் வந்த மறுகா சத்தமில்லாம மாத்துங்க."

வாப்பா பூட்டினார். மச்சான் பக்கத்தில் குந்தியிருந்து ஸ்பேனரை எடுத்து என்னிடம் தர, நான் வாப்பாவிடம் கொடுத்தேன். கார் ஓடியது. வாப்பா அதை நோயாளியைப்போல் வைத்துக்கொண்டார். ஊருக்குள்ளே மட்டும் ஓடினார். நெல் மூட்டை ஏற்றச் சொன்னால் மாட்டேன் என்றார். கிளச்சை முட்டையில் கால் வைப்பதுபோல் விடுவார். "மாமா இப்ப நல்லா மெதுவா ஓட்டுறாரு" என்று மச்சான் ராத்தாவிடம் சொன்னாராம். "வயசாகுது போல" என்று ராத்தா சொன்னாளாம்.

இப்படியே கொழும்புச் சாமான் வரும்வரை ஓடியிருக்கும். மாரி மழை விடவில்லை. சவளக்கடைப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த மச்சானின் தங்கச்சி நிறைமாதமாக இருந்தாள். கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் ஏறிவிட்டால் அந்தப் பக்கத்தாருக்குக் கல்முனை ஆஸ்பத்திரி இல்லாத மாதிரி. தாம்போதி என்பது பாலம் அல்ல. வாவிக்குக் குறுக்கே போட்ட தாழ்ந்த கல் ரோடு. மழைக்காலத்தில் தண்ணீர் அதன் மேலேயே பாயும். அதற்கு முன்னே மகளைக் கூட்டிவர வேண்டும் என்று மச்சானின் வாப்பாவே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

பெரிய ஆகிருதி. கடலோடு கதைத்துப் பழகிய குரல். "சம்பந்தி, நம்மட கார் இரிக்கக்குள்ள நான் ஏன் வேற ஆளுக்கிட்டப் போற? இப்ப அதுல நம்மட போல்ட்டும் இரிக்கே!" என்று சொல்லிச் சிரித்தார்.

"ஓம், மாமா போவார்" என்றார் மச்சான். இதை மட்டும் அவர் என் வழியாகச் சொல்லவில்லை.

வாப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். போக முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்கு அந்த விறாந்தையில் சொல்லக்கூடிய பதில் எதுவும் இல்லை. "போவம்" என்றார்.

மச்சானும் கூடப் போவதால் நானும் போக வேண்டியிருந்தது. இரண்டு பேரும் காருக்குள் எப்படிக் கதைப்பது? முன் ஆசனத்தில் இருவருக்கும் நடுவில் என்னை இருத்தினார்கள். போகும்போது தாம்போதியில் தண்ணீர் கணுக்காலளவுதான். வாப்பா ஒரு துஆவை முணுமுணுத்தபடி கடந்துவிட்டார். சவளக்கடையில் மச்சானின் தங்கச்சியை ஒரு பாயோடும் உடுப்பு மூட்டையோடும் பின்னால் ஏற்றினோம். அவளுடைய மாப்பிள்ளை மாடுகளைப் பார்க்க ஆளில்லை என்று நின்றுவிட்டார்.

திரும்பி வந்தபோது மேற்கே வானம் இருண்டிருந்தது. காட்டுப் பக்கம் பெய்த மழை இங்கே வந்து சேரத் தொடங்கியிருந்தது. தாம்போதியின் ஓரக் கற்கள் பாதிவரை மறைந்திருந்தன. ஆனாலும் ஆட்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து போனார்கள். வாப்பா காரைக் கரையில் நிறுத்தினார்.

"மச்சானுக்குச் சொல்லு மனே, தண்ணி ஏறுது. கொஞ்சம் நிண்டு பாப்பமாண்டு."

"மாமாட விருப்பம். ஆனா தங்கச்சிக்கு நோவு தொடங்கின மாதிரி இரிக்கி எண்டு சொல்லு."

பின்னால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் சத்தம் எனக்கே கேட்டது. வாப்பா காரை இறக்கினார்.

தண்ணீருக்குள் கார் ஓட்டும்போது எஞ்சினை உரக்க வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் புகைக்குழாயால் தண்ணீர் ஏறிவிடும். வேகமாகவும் போகக் கூடாது. அதனால் எஞ்சின் கத்தக் கத்தக் கிளச்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்துக்கொண்டே போக வேண்டும். வாப்பாவின் இடது காலின் நரம்பு புடைத்திருந்தது. பாதியைத் தாண்டிவிட்டோம். கல்முனைப் பக்கத்துக் கரையில் நின்றவர்களின் முகங்கள் தெரிந்தன. அப்போது எங்கள் காலுக்கடியில் ஏதோ ஒடிந்தது. பிறகு அடுத்தடுத்து இன்னும் சில. இரும்பை இரும்பு அறைகிற சத்தம் கேட்டது. எஞ்சின் பெரிதாக அலறியது. கார் அசையவில்லை.

வாப்பா உடனே எஞ்சினை நிறுத்தினார். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமாக்கிட்டக் கேளு, என்ன உடைஞ்ச?"

"மச்சானுக்குச் சொல்லு, ஒண்டும் உடையல்ல. எஞ்சினுக்குள்ள தண்ணி பூந்திட்டு."

எஞ்சின் கத்திக்கொண்டிருந்ததை வாப்பாவே நிறுத்தியதை நான் பார்த்தேன். ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன்.

மச்சான் இறங்கித் தங்கச்சியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டார். வாப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். தண்ணீர் அவர்களுடைய முழங்காலுக்கு மேல் இழுத்துக்கொண்டு ஓடியது. கரையில் நின்ற ஆட்கள் வந்து கைகொடுத்தார்கள். யாரோ ஒருவர் தன் மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவளை ஏற்றினார். கூட நின்ற ஒரு கிழவியும் ஏறிக்கொண்டாள். வண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் போனது. அந்தப் பிள்ளை சுகமாகப் பிறந்தது.

மச்சானும் அந்த வண்டியில் போயிருக்கலாம். வண்டியின் பின்பலகையைப் பிடித்தவர், கையை எடுத்துவிட்டுத் திரும்பித் தாம்போதியைப் பார்த்தார். கார் நடுத் தண்ணீரில் கறுப்பாக நின்றது. தண்ணீர் பூந்துதான் நின்றது, தள்ளிக் கரையேற்றிக் காயவைத்தால் ஓடும் என்று அவர் நம்பினார். அப்படித்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒரு கயிற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்ப இறங்கினார். கடல்காரருக்கு முழங்கால் தண்ணீர் ஒரு தண்ணீரா?

வாப்பா என் ஈரத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது மச்சான் காரை நெருங்கிவிட்டார். பின்பக்கம் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். மேற்கிலிருந்து தண்ணீர் ஒரு திரட்சியாக வருவதைக் கரையில் நின்றவர்கள் கண்டு கூப்பாடு போட்டார்கள்.

வாப்பா அப்போது கத்தினார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது.

"மாப்பிள்ள! விடுங்க! கார் போனாப் போகட்டும்! நீங்க வாங்க!"

மச்சான் திரும்பிப் பார்த்தார். மாமனார் நேரே கூப்பிட்டது அவருக்குத் திகைப்பாக இருந்திருக்கும். அவருடைய கண் வாப்பாவிடம் நிற்காமல் என்னைத் தேடியது.

"மாமாக்கிட்டச் சொல்லு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "இதுவும் இல்லாட்டி நீங்க என்ன செய்யிற எண்டு கேளு!"

வாப்பா தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார். நான் அவர் பின்னால் ஓடிப்போய், அவருடைய சட்டையைப் பிடித்து, "வாப்பா, இதுவும் இல்லாட்டி நீங்க என்ன செய்யிறண்டு கேக்கிறார்" என்றேன். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கார் குறுக்காகத் திரும்பிப் பள்ளத்துப் பக்கம் சரிந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் யாரும் இல்லை.

வாப்பாவை மூன்று நாலு பேர் சேர்ந்துதான் இழுத்து வந்தார்கள். அவர்களுடைய கைகளைக் கடித்தார்.

மச்சானின் உடல் வாவியின் ஆற்றுவாழைப் பற்றைக்குள் சிக்கிக் கிடந்தது. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளையை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவுக்கு ராத்தா உள் அறையில் உட்கார்ந்தாள். அவளுடைய கையில் கலியாணத்து மருதோன்றி இன்னும் நகங்களில் மிச்சமிருந்தது.

வெள்ளம் வடிந்த பிறகு மாடுகளைப் பூட்டிக் காரை இழுத்துக் கரையேற்றினார்கள். வாப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனார். ஊருக்குக் கொண்டு போகலாம் என்று எல்லோரும் சொல்ல, கேட்கவில்லை. ஆட்களை அனுப்பிவிட்டு அங்கேயே சேற்றில் படுத்துக் கிளச்சைக் கழற்றினார். வெகுநேரம் எடுத்தது. வெளியே வந்தபோது அவருடைய உள்ளங்கையில் மஞ்சள் துண்டுகள் இருந்தன. கழுத்தோடு அறுந்த தலைகளும் வால்களும். உடைந்த இடம் புதுக் காசைப்போல் பளபளத்தது. ஒரு பொட்டுக் கறள் இல்லை. வாப்பா தண்ணீர் ஓரத்துக்குப் போய்க் கையைக் கவிழ்த்தார். கை கழுவும்போது தவறி விழுந்துவிட்டது என்று நான் நினைத்து, "எடுக்கவா வாப்பா?" என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு பகலில் மச்சானின் வாப்பா வந்தார். அந்தப் பெரிய உடம்பு கதிரையில் சின்னதாக இருந்தது. உம்மா அனுப்பிய தேநீரை அவர் தொடவில்லை. திரைக்குப் பின்னால் ராத்தா இருந்தாள். உம்மா குசினி வாசலில் நின்றாள்.

"சம்பந்தி, ஒண்டு கேக்கணும்" என்றார். "கார் ஏன் நிண்டது? தண்ணி பூந்ததெண்டு சொல்றாங்க. கிளச்சு உடைஞ்ச சத்தம் கேட்டதெண்டு என்ட மகள் சொல்றா."

"கிளச்சுத்தான்" என்றார் வாப்பா.

மச்சானின் வாப்பா கதிரையில் முன்னால் நகர்ந்தார். பிறகு, கேட்க விரும்பாத ஒன்றைக் கேட்பவர்போல், மிகவும் தாழ்ந்த குரலில், "நான் குடுத்த போல்ட்டு?" என்றார்.

வாப்பா பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார். பிறகு முகத்தைத் திருப்பி அவரை நேரே பார்த்தார்.

"அதுகள் அப்பிடியே இரிக்கி. ஒண்டும் உடையல்ல. நான் தட்டைச் சரியாப் பூட்டல்ல. அவசரப்பட்டுப் பூட்டினன். என்ட பிழை."

நான் வாயைத் திறந்தேன். வாப்பாவின் கை என் தோளில் வந்து இறங்கியது. அழுத்தவில்லை. சும்மா கிடந்தது. உம்மா முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

மச்சானின் வாப்பா நீண்ட ஒரு மூச்சு விட்டார். பாரத்தை இறக்கியவருடைய மூச்சு அது. அதன் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"அப்ப நீங்கதான்" என்றார் எழுந்து நின்று. "ஓட்டத் தெரிஞ்ச ஆளெண்டு நம்பி ஏத்தி அனுப்பினன். என்ட புள்ளையைக் கொண்டுபோய்த் தண்ணிக்குள்ள விட்டிட்டு, நீங்க மட்டும் வந்திரிக்கீங்க."

வந்தவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தக் குடும்பத்திலிருந்து பிறகு யாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. திரைக்குப் பின்னால் ஏதோ விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ராத்தா இத்தா முடிந்து வெளியே வந்த பின்னும், வாப்பா மவுத்தாகும்வரையும், அவரை முகம் கொடுத்துப் பார்த்ததில்லை. அவள் கேட்டதை அப்படியே நம்பினாள். நம்ப வேண்டும் என்றுதான் அது சொல்லப்பட்டது. வாப்பா அதன் பிறகு எந்தக் காரின் ஸ்டீயரிங் வளையத்தையும் பிடிக்கவில்லை. கறுப்புக் காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு, ஒரு நெல் ஆலையில் மூட்டை சுமந்தார். ஐந்தாம் வகுப்போடு நானும் அங்கே போனேன்.

இதெல்லாம் பிறகு நடந்தது. மச்சானின் வாப்பா வந்துபோன அன்று எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுத்திக்கொண்டிருந்தது. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடி ஞாபகம் வைத்திருக்கிற பிள்ளை நான். வாப்பா சொன்னது பிழை.

அஸர் தொழுகைக்கு முன் அவர் கிணற்றடியில் கை முகம் கழுவி உளூ எடுத்துக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போய் நின்றேன்.

"வாப்பா, நீங்க பிழையாச் சொல்லிட்டீங்க. உடைஞ்சது அந்த மஞ்சள் போல்ட்டுதானே? மச்சான் கொண்டுவந்தது. நீங்க தட்டை நல்லாத்தானே பூட்டினீங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தன்."

வாப்பா குனிந்தபடியே இருந்தார்.

"ஓம் மனே" என்றார். "எனக்கு மறந்திட்டு. நீயும் மறந்திடு."

முகத்தைக் கழுவினார். திரும்பக் கழுவினார். மூன்று தரம் கழுவினால் போதும் என்று ஓதுகிற பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வாப்பா நிறுத்தவில்லை. இரண்டு கையாலும் அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தார். பாவம், அதுவும் மறந்துவிட்டது அவருக்கு என்று எண்ணினேன். வாளியில் தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. நான் கயிற்றைப் பிடித்து, இன்னொரு வாளி அள்ளி அவர் பக்கத்தில் வைத்தேன்.